விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிளில் படம் கூடுதல் தெளிவாகத் தெரியுமா?

மின்மினி:
புதிதாக 4கே டிவி வாங்கியிருக்கிறோம். 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 படம்) ஓடும் கேம் கன்சோலுக்கு இரண்டு மீட்டர் கேபிள் வேண்டும். அடுத்த அறையில் உள்ள 4கே புரொஜெக்டருக்குச் சுவர்க் குழாய் வழியாகப் பத்து மீட்டர். தங்க முலாம் பூசிய ஒரு கேபிளைக் காட்டி, "இதில் நிறம் இன்னும் துல்லியமாக வரும்" என்கிறார் விற்பனையாளர். விலை மற்றதைப்போலப் பத்து மடங்கு. வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையரேடியோ:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் அம்மா. வீடியோ கேசட் காலத்திலிருந்து நான் கேபிள்களோடு புழங்குகிறேன். மட்டமான கம்பியில் நிழல் விழும், நிறம் வெளுக்கும். நல்ல செம்பு, நல்ல உறை என்றால் படம் உயிரோடு இருக்கும். பல ஆயிரம் மணி நேரம் பார்க்கப்போகும் திரைக்குக் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பற்றாசு:
ஐயா, நீங்கள் பார்த்தது அத்தனையும் உண்மை. ஆனால் அது அனலாக் காலத்து உண்மை. அங்கே மின்னழுத்தத்தின் அளவே நிறம்; கம்பியில் அழுத்தம் குறைந்தால் நிறமும் மங்கும். எச்டிஎம்ஐயில் போவது எண்கள். கேபிள் பழுதானால் சில எண்கள் தாறுமாறாக மாறும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது முற்றிலும் இருண்டுபோகும். சிவப்பு மட்டும் இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டுமானால், இலட்சக்கணக்கான பிக்சல்களின் எண்களைக் கேபிள் ஒரே திசையில், ஒரே அளவில் திருத்த வேண்டும். எந்தச் செம்பும் அதைச் செய்யாது.

பழையரேடியோ:
அப்படியானால் என் மைத்துனர் வீட்டில் நடந்தது என்ன? மலிவுக் கேபிளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை இருண்டது. விலை கூடியதை மாட்டினோம், அன்றோடு நின்றது. கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

பற்றாசு:
இல்லை என்று சொல்லவே வேண்டாம். அந்தக் கேபிளால் டிவி கேட்ட வேகத்தைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். 1080பி (முழு எச்டி) படம் 60 ஹெர்ட்ஸில் ஓட நொடிக்கு 4.46 ஜிகாபிட் தரவு போதும். 4கே, 30 ஹெர்ட்ஸ் என்றால் 8.91. அதே 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் 17.82. பழைய "ஹை ஸ்பீட்" வகையைச் சோதித்தது 10.2 வரைதான். பழைய டிவியில் பல ஆண்டுகள் குறையில்லாமல் உழைத்த கேபிள் புதிய டிவியில் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். "ப்ரீமியம் ஹை ஸ்பீட்" 18 ஜிகாபிட்டுக்கும், "அல்ட்ரா ஹை ஸ்பீட்" 48 ஜிகாபிட்டுக்கும் சான்று பெற்றவை. மின்மினியின் கன்சோலுக்கு இரண்டாவதுதான் வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சான்றுச் சீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். இன்னொன்று: 2.0, 2.1 என்ற எச்டிஎம்ஐ பதிப்பு எண்கள் டிவி, கன்சோல் போன்ற கருவிகளுக்கானவை. கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது; பெட்டியில் அதை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நள்ளிரவுரசிகை:
சான்று என்பதும் விலை ஏற்றும் வழிதானே? என்னிடம் இருப்பது சீட்டு எதுவும் இல்லாத, கிடைத்ததிலேயே மலிவான ஒரு மீட்டர் கேபிள். 4கே 60 ஹெர்ட்ஸ் ஒருநாளும் தடைப்பட்டதில்லை. வாங்குங்கள், மாட்டிப் பாருங்கள், சரியில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

பற்றாசு:
ஒரு மீட்டரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. நீளம் கூடக் கூடத்தான் குறை வெளியே வரும். சுவருக்குள் இழுத்த கேபிளை எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள்? சான்று பெற்ற கேபிள்களிலும் மலிவானவை இருக்கின்றன. அதற்காகப் பத்து மடங்கு கொடுக்க வேண்டியதில்லை.

பழையரேடியோ:
சுவர் விஷயத்தில் நான் பற்றாசு பக்கம். ஆனால் தங்க முலாமை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஈரக்காற்றில் முனை அரிக்காமல் அதுதான் காக்கும். முனை டிவியின் பொருத்தில் (போர்ட்) இறுக்கமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். சாதாரண எச்டிஎம்ஐ முனைக்குப் பூட்டு இல்லை, டிவியை லேசாக நகர்த்தினாலே நழுவிவிடும்.

பற்றாசு:
இது மறுக்க முடியாத பேச்சு ஐயா. ஆனால் மலிவான கேபிள்களிலும் தங்க முலாம் உண்டு.

மின்மினி, பத்து மீட்டருக்குச் சாதாரணச் செம்புக் கேபிளை நம்ப வேண்டாம். எண்களை ஒளியாகக் கண்ணாடி இழையில் அனுப்பும் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை பிளேயருக்கு, மறுமுனை திரைக்கு. மாற்றி இழுத்தால் படமே வராது. முதலில் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் மாட்டி, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். பிறகு குழாயில் இழுங்கள். முனை குழாய்க்குள் நுழையுமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

மின்மினி:
இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். அந்தப் பத்து மடங்கு விலைக் கேபிளின் பெட்டியில் சான்றுச் சீட்டே இல்லை. 2.1 என்று மட்டும் பொன்னெழுத்தில் இருக்கிறது. அருகில் இருந்த சாதாரண அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிளை ஸ்கேன் செய்தேன். சான்று சரியாக வந்தது. கன்சோலுக்கு அதை வாங்கிவிட்டேன். மாட்டியும் 120 ஹெர்ட்ஸ் வரவில்லை. டிவி அமைப்பில் அந்தப் பொருத்துக்கு உயர்வேக வசதியை இயக்கியதும் வந்துவிட்டது. புரொஜெக்டருக்கு ஒளியிழைதான் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

பழையரேடியோ:
மகிழ்ச்சி அம்மா. ஒளியிழையைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்க வேண்டாம், உடைந்துவிடும். புரொஜெக்டர் பக்கம் ஒரு முழம் கூடுதலாக விட்டு, வட்டமாகச் சுருட்டி வையுங்கள்.