மூன்று மாத்திரையும் ஒரு தம்ளரும்

எனக்கு டி.பி. (காசநோய்) வந்த கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் திருச்சபை நடத்துகிற பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் நான் வார்டன். 23 பிள்ளைகள், பாதிப் பேருக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை.

2019 மே மாதம் இருமல் தொடங்கியது. அடுப்புப் புகை என்று நினைத்தேன், அப்புறம் பனி என்று நினைத்தேன் (மே மாதத்தில் என்ன பனி!), துளசியும் சுக்கும் குடித்தே மூன்று மாதத்தை ஓட்டிவிட்டேன். உடம்பு 38 கிலோவுக்கு இறங்கி, ராத்திரி வியர்வையில் தலையணை நனைந்து, ஒருநாள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது.

செத்துவிடுவேனோ என்று யோசிக்கக்கூட அன்றைக்கு நேரமில்லை. இல்லத்தில் கடைக்குட்டிகள் இரண்டுக்கும் நாலு வயசு, என் பாயில்தான் படுக்கும், அதில் ஒன்று என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தால்தான் தூங்கும். இது காற்றில் பரவுகிற நோய் என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு அந்த முகம்தான் கண்ணில் நின்றது. அம்மா இல்லாத பிள்ளைக்கு அம்மாவாக இருக்கிறேன் என்று மேடை ஏறிச் சாட்சி சொன்னவள் நான்.

எல்லாப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் அந்த இரண்டுக்கும் முன்னெச்சரிக்கையாக ஆறு மாதம் ஐசோனியசிட் என்கிற டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். நான் அக்கா வீட்டில் தூத்துக்குடியில் இருந்தேன். எனக்குத் தினமும் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை, ஆறு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து முதல் நாள் அலறிவிட்டேன், மாத்திரையின் நிறம்தான் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. சத்துணவுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் வங்கியில் போட்டது, அதில் முட்டை வாங்கினோம்.

ஜெபக் குறைவால் வந்த நோய் என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர், டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்த பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தாரே, நீங்களும் படுத்துக்கொண்டே ஊழியம் செய்யலாமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் எழுதுகிறவள் இல்லை. எனக்குத் தெரிந்த ஊழியம் தலை வாரிவிடுவது, பேன் பார்ப்பது, பரீட்சைக்கு விடியற்காலையில் எழுப்பிவிடுவது. எல்லாமே பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை.

மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்திலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நான் உடனே திரும்பி வர நிர்வாகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆறு மாதமும் முடியட்டும் என்றார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை, எனக்கே அந்தப் பயம் இருந்தது.

2020 பிப்ரவரியில் திரும்பினேன். மூக்கிலிருந்து தாடைவரை மாஸ்க் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைந்தேன், பெரிய பிள்ளைகள் வராந்தாத் தூணோரம் நின்றுகொண்டே "தோத்திரம் அக்கா" என்றார்கள், ஒருத்தியும் கிட்ட வரவில்லை. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். சமையற்கட்டில் என் எவர்சில்வர் தம்ளரைத் தனியாக மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள், மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க அடியில் ஆணியால் ஒரு கீறல். தம்ளரால் டி.பி. பரவாது. அதைச் சொல்லத் தெம்பில்லாமல் அதிலேயே காப்பி வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

கடைக்குட்டிகளில் ஒருத்தி வந்தாள், அந்த ஆறு மாதமும் மாத்திரை விழுங்கினவள். கொஞ்ச நேரம் என் மாஸ்க்கையே பார்த்தாள். "நானும் மாத்திரை முடிச்சிட்டேன்" என்றாள். பிறகு என் கையிலிருந்த தம்ளரை வாங்கி மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, சீனி போதவில்லை என்றாள்.