டார்கெட்டுக்காக ஒரு அம்மாவின் டெபாசிட்டை பாலிசியாக மாற்றிவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்?

கேட்டவர்: டெபாசிட்_கவுண்டர்

ஒன்பது வருடமாக ஒரு பிராந்திய வங்கியில் டெபாசிட் கவுண்டரில் இருக்கிறேன். போன வருடம் ஒரு மாதக் கடைசி. தினமும் காலையில் மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்து, யார் எத்தனை பாலிசி பிடித்தோம் என்று வாசிப்பார். என் பெயருக்கு நேராக மூன்று நாளாகப் பூஜ்யம்.

அன்றைக்கு ஒரு அம்மா முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். எழுபதைத் தாண்டியவர். ரசீதை மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். "இதுவும் டெபாசிட் மாதிரிதான், வட்டி கூடுதலாக வரும்" என்று சொன்னேன். அது பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசி. வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. படிவத்தில் கையெழுத்து வர வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அவர் குறியைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போட்டாரே தவிர, எதையும் படிக்கவில்லை. ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் அவர் சொல்லாத ஒரு தொகையை நானே எழுதினேன். உண்மையை எழுதினால் விண்ணப்பம் தேறாது.

போன வாரம் இரண்டாம் ஆண்டு பிரீமியம் கேட்டு வந்த கடிதத்தோடு என் கவுண்டருக்கே வந்தார். "திரும்பக் கட்டணும்னு நீங்க சொல்லலையே தம்பி" என்றார். கோபப்படவில்லை. அந்தக் கிளையில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான், அதனால் என்னிடமே வந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

எங்கள் வங்கியின் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. மரக்கன்று, பள்ளிக்கு மேசை, ரத்ததான முகாம். அவை பொய்யில்லை, முகாமில் நானே நின்று வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் காலை மீட்டிங்கில் வாசிக்கும் தாளும் அதே வங்கியுடையதுதானே?

இரண்டு கேள்வி. அவர் பணத்தை மீட்க வழி உண்டா? நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால், பழி முழுக்க என் தலையில் விழுந்து மேலே இருப்பவர்கள் விலகிக்கொள்வார்களா?

---

கிளை_மேலாளர்_2

நானும் மேலாளர்தான், அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வங்கிகளோடு வட்டியில் போட்டி போட்டால் சின்ன வங்கிக்கு லாபம் தேறுவதில்லை. கமிஷன் வருமானம் இல்லாவிட்டால் சில கிளைகளை நடத்தவே முடியாது. பாலிசி விற்பதே தப்பு என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கடன் வாங்கிய ஒருவர் இறந்து, அவர் எடுத்திருந்த காப்பீட்டால் வீடு குடும்பத்திடமே தங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் தப்பு, எழுபது வயதில் வருமானம் இல்லாதவர் தலையில் பத்து வருடக் கட்டணத்தைச் சுமத்தியதும், அந்த வருமானக் கட்டமும். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

---

பழைய_ஆய்வாளர்

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் வங்கிக் கிளைகளில் உள்தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அவசரமானதைச் சொல்கிறேன்: அந்த அம்மாவை பாலிசியை சரண்டர் செய்ய, அதாவது முதிர்வதற்கு முன்பே ஒப்படைத்துப் பணம் வாங்க, விடாதீர்கள். இரண்டாம் வருடத்தில் சரண்டர் செய்தால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது. அதோடு, அவரே விரும்பி வெளியேறியதாகப் பதிவாகும். கேட்க வேண்டியது வேறு. தவறான தகவல் சொல்லி விற்கப்பட்டது, எனவே ஆரம்பத்திலிருந்தே ரத்து செய்து முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அவர் பெயரில் புகார் போக வேண்டும். பாலிசி கைக்கு வந்த சில வாரங்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. அது இங்கே கடந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லி விற்றது என்பது தனி வழக்கு.

வருடங்கள் கழித்துக் கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். பிரிட்டனில் வங்கிகள் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய பிபிஐ என்ற காப்பீட்டுக்கு, விற்றுப் பல வருடம் ஆன பிறகும் பணம் திரும்பியது. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. திருப்பிக் கொடுத்த மொத்தத் தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. அங்கே வாங்கியவர்களில் பலருக்கு, கடனோடு ஒரு காப்பீடும் சேர்ந்திருக்கிறது என்பதே தெரியாது.

இன்னொன்று. உங்கள் கைப்பணத்திலிருந்து அவருக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். விஷயம் அதோடு புதைந்துவிடும். அடுத்த மாதம் இன்னொருவர் இதே உறையோடு வருவார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு கணக்கோ திட்டமோ விற்க வேண்டும் என்பது இலக்கு. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, வங்கி சொன்ன தகவல் என்ன தெரியுமா? ஐந்து வருடத்தில் சுமார் 5,300 ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கிவிட்டோம் என்பதுதான். அத்தனை பேரை நீக்கிய காலம் முழுக்க இலக்கு வைத்து விற்கும் முறை நிற்கவில்லை. ஒரே தப்பை ஆயிரக்கணக்கானவர்கள் செய்தால் அது தனித்தனி ஆள்களின் குணக்கேடு என்று எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அங்கே அது மேலேயும் போனது. 2018 பிப்ரவரியில் அந்த வங்கி தன் சொத்து அளவைக் கூட்டக் கூடாது என்று மத்திய வங்கி தடை போட்டது. தலைமை நிர்வாகியாக இருந்தவருக்கு 2020 ஜனவரியில் 1.75 கோடி டாலர் அபராதம், வங்கித் துறையிலேயே இனி வேலை செய்யக் கூடாது என்ற தடையும். விஷயம் மேலே போக வேண்டுமென்றால், கீழே இருப்பவர்களிடம் எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும்.

---

டெபாசிட்_கவுண்டர்

நன்றி ஐயா. மேலாளரிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார், நீ ஏன் கிளறுகிறாய்" என்றார். மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்யலாமா?

---

பழைய_ஆய்வாளர்

போன் வேண்டாம். பேசியதற்குச் சாட்சி இருக்காது. தேதி போட்டு எழுதுங்கள்.

டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ போயிருக்கிறது, அதில் பெரும்பகுதி கறுப்புப் பணம் என்று சந்தேகிக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஹோவர்ட் வில்கின்சன் 2013 டிசம்பரிலேயே தலைமையகத்துக்கு எழுதினார். போதிய நடவடிக்கை எடுக்கவில்லை. 2018-இல் விவகாரம் பெரிதாக வெடித்தபோது, எங்களுக்குத் தெரியாது என்று தலைமையகம் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: நீங்கள் என்ன சொல்லி விற்றீர்கள், என்ன சொல்லாமல் விட்டீர்கள், வருமானக் கட்டத்தை நிரப்பியது யார், அன்றைய டார்கெட் என்ன. உங்கள் தப்பை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அதை மறைத்துவிட்டு மேலே கையைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். தண்டனையே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

---

கிளை_மேலாளர்_2

ஐயா சொன்னதோடு ஒன்று: காலை மீட்டிங் குழுவில் வந்த டார்கெட் செய்திகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த அம்மாவின் பெயரையும் கணக்கு எண்ணையும் வங்கிக்கு வெளியே எங்கும் போடாதீர்கள்.

---

டெபாசிட்_கவுண்டர்

கடிதம் எழுதிவிட்டேன், மூன்று பக்கம். அந்த அம்மாவின் புகாரை அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். இந்த முறை அவர் மகளையும் கூட வரச் சொல்லியிருந்தேன்.

படிவத்தின் நகலைப் பார்க்க ஸ்கேன் கோப்பைத் திறந்தபோது, கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் என் பென்சில் குறிகள் மங்கலாகத் தெரிந்தன. அழிக்காமலே ஸ்கேன் செய்திருக்கிறேன். அந்த மாதம் நான் போட்ட மற்ற படிவங்களையும் பார்த்தேன். இன்னும் பதினொன்றில் அதே குறிகள். அதில் நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அந்த நான்கு விண்ணப்ப எண்களையும் கடிதத்தில் சேர்த்துவிட்டேன். நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது.