பட்டறை முதலில், பட்டம் பிறகு: இது சரிவருமா?

(பீளமேடு, கிண்டி, மைக்ரான் என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

பீளமேடு:
பத்தாம் வகுப்பு முடித்து மெக்கானிக்கல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு இரண்டு வழி. பிளஸ் டூ, பிறகு நான்கு வருட பி.இ. இல்லையென்றால் ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) டர்னர் அல்லது மெஷினிஸ்ட் இரண்டு வருடம், உடனே கோவை, ஓசூர் பக்கம் சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) வேலை. நான் இரண்டாவது கட்சி. கடன் கணக்கைப் பாருங்கள். வருடம் 1.25 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 5 லட்சம், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை இல்லை. வட்டி மட்டும் நிற்காது. தனிவட்டியாகவே 1.75 லட்சம் ஏறிவிடும். 6.75 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 11,200 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கையில் என்ன மிஞ்சும்?

கிண்டி:
கணக்கு சரி, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 1.75 லட்சம் வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. கல்லூரிக்கு நாக் அமைப்பின் தர அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ அமைப்பின் தர அங்கீகாரமோ இருக்க வேண்டும். சேரும் முன்பே விசாரிக்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கலந்தாய்வில் வந்தால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5% ஒதுக்கீட்டில் கட்டணத்தையே அரசு ஏற்கிறது. நீங்கள் போட்டது நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவரின் கணக்கு.

இன்னொன்று. ஐடிஐ முடித்தவரைப் பல இடங்களில் எதில் நிறுத்துகிறார்கள்? பீஸை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டு, கதவைச் சாத்து, மெஷினை ஓட்டும் சைக்கிள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்து. ஐந்து வருடம் இதையே செய்தால் கற்றது ஒரு மாதத்துப் பாடம்தான். இதற்கு அனுபவம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பீளமேடு:
ஆபரேட்டராகவே விட்டுவிட்டால் அப்படித்தான். மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர் ஆவதற்குப் படிகள் இருக்கின்றன. முதலில் ஆஃப்செட், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண். வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டும் வில்லை) முனை தேயத் தேய அளவு ஏறும். 0.02 மி.மீ. ஏறினால் வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான எண்) விட்டத்தைக் குறிக்கும் எக்ஸுக்கு மைனஸ் 0.02 கூட்ட வேண்டும். ஃபானுக் நிறுவனத்தின் சிஎன்சி கன்ட்ரோலில் பிளஸ்-இன்புட் அழுத்தினால் இருக்கும் எண்ணோடு கூடும். வெறும் இன்புட் அழுத்தினால் இருந்த எண் போய்ப் புது எண் உட்காரும். டூலின் அடிப்படை அளவுகள் இருக்கும் ஜியாமெட்ரி பக்கத்தில் இந்தத் தவறைச் செய்தால் டூல், பீஸைப் பிடிக்கும் சக்கில் போய் இடிக்கக்கூடும். அடுத்தது சாஃப்ட் ஜா போரிங், அதாவது சக்கின் மென்மையான தாடைகளைப் பீஸின் அளவுக்குக் குடைவது. ஜாவுக்குள் ஒரு வளையத்தை இறுக்கிப் பிடித்தபடிதான் போர் செய்ய வேண்டும். சும்மா போர் செய்தால் பீஸைப் பிடிக்கும்போது ஜா லேசாகச் சாய்ந்து ரன்-அவுட் (சுழலும்போது பீஸ் மையம் விலகி ஆடுவது) வரும். அதற்குப் பிறகு புரோகிராம். இது எந்த பி.இ. வகுப்பிலும் கைக்கு வராது.

கிண்டி:
கைக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 50 மி.மீ. எஃகுப் பீஸை ஆறிய நிலையைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டோடு அளந்தால் 11, 12 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கூடுதலாகக் காட்டும். டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) மொத்தமே 20 மைக்ரான் என்றால் அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆபரேட்டர் அந்த எண்ணை நம்பி ஆஃப்செட்டைக் குறைப்பார். பீஸ் ஆறியதும் சிறிதாகி ரிஜெக்ட். இது ஏன் என்று எழுதி வாடிக்கையாளர் முன் விளக்க வேண்டிய நாற்காலி குவாலிட்டி இன்ஜினியருடையது. அங்கே பட்டம் கேட்கிறார்கள். குவைத்தில் இன்ஜினியர் என்ற பதவியில் விசா புதுப்பிக்க என்பிஏ அங்கீகாரம் பெற்ற பட்டம்வரை கேட்கிறார்கள். குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு எதற்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

மைக்ரான்:
இருவரும் ஒரு கூட்டலை விட்டுவிட்டீர்கள். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு: ஆறு வருடம். பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று, முதலாண்டைத் தாண்டி நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. மூன்று: அதுவும் ஆறு. ஐடிஐ இரண்டு, டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து இரண்டு, பி.இ. மூன்று: ஏழு. ஒரே ஒரு வருடம் கூடுதல். நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பிளஸ் டூ வழியில் போய் பி.இ. மூன்றாம் ஆண்டில் நின்றவரிடம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்தான் மிஞ்சும். குடும்பச் சூழல் எப்போது இழுக்கும் என்று தெரியாத வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம்.

கிண்டி:
காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடப்பில், நேரடி இரண்டாம் ஆண்டு வருபவர் மூன்றாம் செமஸ்டரில் உட்கார்ந்ததும் முதல் அடி கணிதத்தில்தான். அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் அங்கே உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் நிற்கின்றன. முதலாண்டின் அணிகளும் நுண்கணிதமும் படிக்காதவருக்கு அரியர் அங்கே தொடங்குகிறது.

மைக்ரான்:
உண்மை. அதற்கு மருந்தும் உண்டு. சேருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் தொகை நுண்கணிதத்தை முடிக்க வேண்டும், முக்கியமாகப் பகுதித் தொகையிடலும் பெர்னோலி சூத்திரமும். அந்த மூன்றாம் செமஸ்டரில் வரும் ஃபூரியர் கெழுக்களில் பெரும்பாலானவை அதிலேயே விழும். வேலைக்குப் போய் நான்கைந்து வருடம் கணிதத்தைத் தொடாதவருக்கு இரண்டு மாதம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீளமேடு சொல்லும் வழியில் எனக்குள்ள பயம் இதுதான்.

பீளமேடு:
அந்தப் பயம் நியாயம். வேலையில் இருந்துகொண்டே பி.இ. படிக்க வழி இருக்கிறதே?

மைக்ரான்:
இருக்கிறது, டிப்ளமோ இருந்தால். கோவையிலேயே பகுதிநேர பி.இ. நடக்கிறது; ஐடிஐ மட்டும் இருந்தால் சேர முடியாது. ஆகவே ஐடிஐயோடு நிற்பவர் டிப்ளமோவைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பொறிகளையும் கவனியுங்கள். அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்படிக் கொடுத்த பட்டங்களுக்கு எதிராக 2017இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, பத்தாவதும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக வாங்கும் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. மூன்று வருடம் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

கிண்டி:
அப்படியானால் டிப்ளமோ வழிக்கு நானும் சம்மதம். ஐடிஐயோடு நேரே பட்டறை என்பதற்கு இன்னமும் சம்மதம் இல்லை.

பீளமேடு:
நான் மாறவில்லை. ஆனால் என் வழியில் போகிறவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சேரும்போதே தொழிற்பழகுநர் ஒப்பந்தமா, வெறும் தினக்கூலியா என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான பயிற்சி என்றால் முடிவில் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் வாங்கலாம். ரயில்வே நிறுவனத்திலேயே பயிற்சி முடித்தவருக்கு அதன் லெவல் 1 (கடைநிலை) பணிகளில் 20% ஒதுக்கீடு இருக்கிறது. பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்ததும் பிஎஃப் எண்ணும் மாதாமாதம் சம்பளச் சீட்டும் வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்கும் பட்டறையில் ஆறு வருடம் உழைத்தாலும் பகுதிநேரப் படிப்புக்கு அனுபவச் சான்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆஃப்செட் பக்கத்தைத் தொட விடவில்லையென்றால் அந்த இடத்தை மாற்றுங்கள்.