லீவ் போட்டவரும் திட்டுறாரு, ரிமைன் போட்டவரும் திட்டுறாரு... பிரெக்ஸிட்ல அப்படி என்னதான் நடந்துச்சு?

ஆஷ்ஃபோர்டு_அருண்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல கென்ட் பக்கம் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது, குடோன் வேலை, ஷிஃப்ட் பாக்குறேன். டீ டைம்ல ரெண்டு பெரியவங்க கூட உக்காருவேன், ஒருத்தர் 2016ல லீவுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போகணும்னு (அதான் பிரெக்ஸிட்) ஓட்டு போட்டவர், இன்னொருத்தர் ரிமைனுக்கு, உள்ளயே இருக்கணும்னு. (முதல் தடவ அவர் சொன்னப்ப நம்ம பாஷைல யோசிச்சுட்டேன், ஓட்டு போடாம லீவ் போட்டுட்டு வீட்ல தூங்கிட்டார்னு.) ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குவாங்கன்னு பாத்தா, சேந்து உக்காந்து கவர்மென்ட்ட திட்டுறாங்க. அதுவும் எம்20 ரோட்ல லாரி கியூவுக்கு வழி ஒதுக்க அந்த கான்கிரீட் கட்டைய தூக்கி அடுத்த லேன்ல வச்சுக்கிட்டே போற மெஷின் இருக்குல்ல, ஜிப் போடுற மாதிரி போகுமே, அது வந்துட்டா அன்னிக்கு முழுக்க இதே கச்சேரிதான்.

ரிமைன்காரர் கோவம் புரியுது, தோத்துட்டார். ஆனா வெளிய போகணும்னு ஓட்டு போட்டு, ஜெயிச்சு, 2020லயே வெளியவும் வந்தாச்சு, அப்புறம் லீவ்காரருக்கு என்ன கடுப்பு? யூடியூப்ல பாத்தா தலை சுத்துது. இங்க பல வருஷமா இருக்குறவங்க கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

ரெடிங்_ராமு:

தம்பி நல்ல கேள்வி, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க, இது கொஞ்சம் நீளும்.

2016 ஜூன் 23 ஓட்டுச்சீட்டுல இருந்தது ஒரே கேள்வி, ஐரோப்பிய யூனியன்ல இருக்கணுமா வெளிய போகணுமா. போறதுன்னா எப்படி போறது, சிங்கிள் மார்க்கெட்ட (ஐரோப்பாக்குள்ள தடையில்லாத வியாபாரம், ஆள் போக்குவரத்து) விடுறோமா, கஸ்டம்ஸ் யூனியன்ல (உள்ள சுங்கவரி இல்ல, வெளிய இருந்து வர்றதுக்கு எல்லாருக்கும் ஒரே வரி) இருக்கோமா, யூகேல இருக்குற வட அயர்லாந்துக்கும் யூனியன்ல இருக்குற அயர்லாந்துக்கும் நடுவுல பார்டர் என்ன ஆகும், எதுவும் கேக்கல. 51.9க்கு 48.1ல லீவ் ஜெயிச்சுது. அப்ப பிரதமரா இருந்த கேமரூன் ரிமைன்தான் ஜெயிக்கும்னு இருந்ததால, தோத்தா என்ன பண்றதுன்னு பிளான் போடவே அதிகாரிங்கள விடல. அவங்க பார்லிமென்ட் கமிட்டியே பின்னாடி இதை படு மோசமான அலட்சியம்னு எழுதுச்சு. மறுநாள் காலைல ஆள் ராஜினாமா.

அடுத்த பிரதமர் தெரசா மே. "பிரெக்ஸிட்னா பிரெக்ஸிட்தான்"னாங்க. இட்லின்னா இட்லிதான், சரிம்மா, மாவு யாரு அரைச்சு வச்சிருக்கான்னுதான கேக்குறோம். 2017 மார்ச் 29 ஆர்ட்டிகிள் 50 லெட்டர், அதாவது யூனியன விட்டு போறோம்னு முறைப்படி நோட்டீஸ் கொடுத்துட்டாங்க, கொடுத்தா ரெண்டே வருஷம், கெடு ஓட ஆரம்பிச்சுரும். கல்யாணப் பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் கொடுத்துட்டு அப்புறமா பொண்ணு பாக்க கிளம்புன கதை. அதோட நிறுத்துனாங்களா, ஜூன்ல தேவையில்லாம ஒரு எலெக்‌ஷன் வச்சு, இருந்த மெஜாரிட்டியையும் தொலைச்சு, 10 சீட்டு வச்சிருந்த டியூபின்ற வட அயர்லாந்து கட்சி (பிரிட்டனோடயே இருக்கணும்ன்றவங்க) தயவுல ஆட்சி, அதுக்காக வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதலா. என்ன மாதிரி பிரெக்ஸிட் வேணும்னு அவங்க கேபினெட்டே உக்காந்து ஒத்துக்கிட்டது 2018 ஜூலை செக்கர்ஸ் (பிரதமரோட கிராமத்து பங்களா) மீட்டிங்லதான், லெட்டர் கொடுத்து பதினஞ்சு மாசம் கழிச்சு! அதுவும் மூணு நாள் தாங்கல, மந்திரிங்க டேவிட் டேவிஸும் போரிஸ் ஜான்சனும் கழண்டுக்கிட்டாங்க.

2019 ஜனவரி 15 ராத்திரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மே ஐரோப்பாவோட பேசி கொண்டு வந்த டீலுக்கு பார்லிமென்ட்ல ஓட்டு, நானும் வீட்டம்மாவும் டிவி முன்னாடி. ஆதரவு 202, எதிர்ப்பு 432ன்னு வாசிக்கிறாங்க, வீட்டம்மா "மாத்தி வாசிச்சுட்டாங்களா"ன்னு கேட்டுச்சு. நவீன காலத்துல இந்த ஊர்ல எந்த கவர்மென்ட்டும் அவ்வளவு பெருசா தோத்ததில்ல. அதே டீல மார்ச்ல ரெண்டு தடவ திரும்ப கொண்டு வந்தாங்க, ரெண்டு தடவையும் அடி. நடுவுல எம்பிங்க கைல எட்டு ஆப்ஷன கொடுத்து எது வேணும்னு கேட்டா எட்டுக்கும் நோ. ஏப்ரல் 1ம் தேதி திரும்ப நாலு, நாலுக்கும் நோ, கஸ்டம்ஸ் யூனியன் மூணே ஓட்டுல போச்சு. தேதியப் பாருங்க, ஏப்ரல் 1. ஆர்ட்டிகிள் 50ய ரத்து பண்ணுங்கன்னு ஒரு பெட்டிஷன்ல 60 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, சைட்டே படுத்துருச்சு, நான் ராத்திரி பதினொரு மணிக்கு ரெஃப்ரெஷ் பண்ணி பண்ணி போட்டேன். ஒண்ணும் ஆகலன்றது வேற விஷயம்.

வெளிய போற கெடு 2019 மார்ச் 29, தள்ளிப்போட்டு ஏப்ரல் 12, அப்புறம் அக்டோபர் 31. அந்த அக்டோபர் 31 தேதிய போட்டு 50 பென்ஸ் காசு பத்து லட்சம் அடிச்சு வச்சிருந்தாங்க தம்பி, அன்னிக்கும் வெளிய போகாததால அம்புட்டையும் உருக்கிட்டாங்க. "அக்டோபர் 31க்கு ரெடியாகுங்க"ன்னு விளம்பரத்துக்கு மட்டும் 4.6 கோடி பவுண்டு. நான் ரிமைன்தான், ஆனா பக்கத்து வீட்டு லீவ்காரரும் அன்னிக்கு எங்கிட்ட வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு "போறதுன்னா போய்த் தொலைய வேண்டியதுதானே"ன்னு புலம்புனாரு. உங்க டீ டைம் கச்சேரி அப்பவே ஆரம்பிச்சுருச்சு.

ஈஸ்ட்ஹாம்_பரோட்டா:

நான் லீவ்தாண்ணே. மறைக்க ஒண்ணும் இல்ல, திட்டுறவங்க திட்டிக்கோங்க.

ஏன் போட்டேன்? அப்ப நம்ம ஊர்ல இருந்து ஒரு பரோட்டா மாஸ்டர கூப்ட்டு வரணும்னா வருஷத்துக்கு 29,000 பவுண்டுக்கு மேல சம்பளம் காட்டணும், கடைல டேக்அவே இருந்தா அதுக்கும் மூக்க சொறிவாங்க. ஐரோப்பால இருந்து வர்றவங்களுக்கு பாஸ்போர்ட் காட்டுனா போதும். தப்பு சொல்லல, எங்க கல்லால நின்ன லித்துவேனியா பொண்ணு தங்கம், ஆனா அதுக்கு பரோட்டா வீச வருமா? அப்ப மந்திரியா இருந்து லீவ் பக்கம் நின்ன பிரீத்தி படேல் மாதிரி ஆளுங்க எல்லாம் யூனியன விட்டு வெளிய வந்தா கறி ஹவுஸ காப்பாத்தலாம்னு பேசுனாங்க. நம்பிட்டேன். எங்க தெருவுல நெறைய பேர் நம்புனாங்க, இப்ப கேட்டா எவனும் ஒத்துக்க மாட்டான்.

2021ல புது சிஸ்டம் வந்துச்சு, 25,600ன்னாங்க, ஒரு மாஸ்டர் வந்தாரு, உசிலம்பட்டிக்காரர், கை பட்டா கொத்து பரோட்டா சத்தத்துக்கே ரோட்ல போறவன் நிப்பான். ரெண்டு வருஷத்துல அவர் பெரிய ஹோட்டலுக்கு போயிட்டாரு, சரி இன்னொருத்தர கூப்டலாம்னா 2024 ஏப்ரல்ல 38,700 ஆக்கிட்டாங்க. அந்த சம்பளம் கொடுத்தா ஒரு பரோட்டா என்ன விலைக்கு விக்கிறது? லித்துவேனியா பொண்ணும் ஊருக்கு போயிருச்சு. இப்ப வார நாள்ல ஃப்ரோசன் பரோட்டாவத்தான் கல்லுல போட்டு எடுக்குறேன், கடை பேரு பரோட்டான்னு இருக்கு, சொல்லவே வெக்கமா இருக்கு.

இதுல கூத்து என்னன்னா, வெளிநாட்டு ஆளுங்கள குறைக்கணும்னு லீவ் போட்ட வெள்ளக்காரங்களும் எங்கிட்ட வந்து திட்டுறாங்க, ஏன்னா 2023 ஜூன் வரைக்குமான ஒரு வருஷத்துல மட்டும் நிகரமா 9 லட்சம் பேர் உள்ள வந்திருக்காங்க. அவங்களுக்கு சொன்னதும் நடக்கல, எனக்கு சொன்னதும் நடக்கல. ஒருத்தன்கிட்ட கதவ மூடுறேன்னும் இன்னொருத்தன்கிட்ட திறக்குறேன்னும் சொல்லி ரெண்டு பேர் ஓட்டையும் வாங்கிட்டு போயிட்டாங்க. அருண் தம்பி, உங்க லீவ் பெரியவர்கிட்ட அவருக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டு பாருங்க, கண்டிப்பா எனக்கு சொன்னது இருக்காது.

ஹரோ_நிலா:

நீங்கள் எல்லாரும் வோட் போட்டுட்டுக் கவலைப்படுறியள். எனக்கு வோட்டே இல்லை.

நாங்கள் 91இல ஒல்லாந்துக்கு (நெதர்லாந்து) அகதியா வந்து, அங்க சிட்டிசன்ஷிப் எடுத்து, பிள்ளையளின்ர இங்கிலீஷ் படிப்புக்காக 2004இல லண்டன் வந்தனாங்கள். எங்களை மாதிரி டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் பாஸ்போர்ட்டோட வந்த சனம் இஞ்ச கனபேர். 2016இல நான் பன்னிரண்டு வருசம் டாக்ஸ் கட்டின ஆள், ஒல்லாந்து பாஸ்போர்ட் எண்டபடியால் வோட் இல்லை. மேல் ரூமில வாடகைக்கு இருந்த கோயம்புத்தூர்ப் பிள்ளை, படிக்க வந்து எட்டு மாசம், கொமன்வெல்த் எண்டபடியால் அவவுக்கு இருந்தது! அவ என்னட்டத்தான் வந்து கேட்டவ, "ஆன்ட்டி, எதுக்குப் போடட்டும்" எண்டு. நான் என்னத்தைச் சொல்ல.

பிறகு ஐரோப்பாப் பாஸ்போர்ட்காரர் இஞ்ச தொடர்ந்து இருக்கிறதுக்கு செட்டில்ட் ஸ்டேட்டஸ் எண்டு ஒரு அனுமதி கொண்டு வந்தினம். முதல்ல 65 பவுண்ஸ் எண்டவை, பிறகு சனம் சத்தம் போட 2019 ஜனவரியில ஃப்ரீ ஆக்கினவை. இஞ்ச இருந்த ஆக்களே இருக்கிறதுக்குத் திரும்பக் கேட்டு எழுத வேணும், அதுதான் எனக்கு விளங்கேல்லை. அம்மாவுக்கு அப்ப 78 வயசு. ஆப்பில பாஸ்போர்ட் ஸ்கான் பண்ணுறது ஐபோனில அப்ப சரிவராது, மருமகனின்ர அன்ட்ரொய்டைக் கடன் வாங்கினனாங்கள். முகத்தை ஸ்கான் பண்ணேக்க ஸ்கிரீன் கலர் கலரா லைட் அடிக்கும், அம்மா ஒவ்வொருக்காலும் கண்ணை இறுக்கி மூடிட்டா. ஆறு தரம். கடைசியில சரிவந்துது, ஒரு இமெயில் வந்துது. அம்மா கேட்டா, "கடதாசி எங்க?" கடதாசி இல்லையம்மா, எல்லாம் ஒன்லைனில எண்டன். அவ யாழ்ப்பாணத்தில இருந்து கொண்டுவந்த பேர்த் சேர்டிபிகேட்டில இருந்து ஒல்லாந்து அகதிக் காட் வரைக்கும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள வைச்சிருக்கிற மனுசி. அந்த இமெயிலைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்த பிறகுதான் சாப்பிட்டவ. அந்தப் பிரிண்டுக்கு ஒரு பெறுமதியும் இல்லை எண்டு நான் சொல்லேல்லை.

இன்னொண்டு. தங்கச்சி பிரான்ஸில, பாரிஸ் நகரத்தில இருக்கிறா. ஒவ்வொரு வருசமும் நான் மட்டன் ரோல்ஸ் சுட்டுக் கொண்டு போறனான். 2021க்குப் பிறகு இறைச்சி, பால் சாமான் ஒண்டும் அந்தப் பக்கம் கொண்டு போகேலாது எண்டு எனக்குத் தெரியாது. பிரான்ஸ் பக்கம் கலே துறைமுகத்தில அறுபது ரோல்ஸ் குப்பைக்குள்ள. அந்தப் பிரெஞ்சுப் பெடியனுக்கும் முகம் சரியில்லை, நல்ல வாசம் வந்திருக்கும்.

சும்மா_ஒருத்தன்:

எல்லாம் சரி, ஆனா கவர்மென்ட்ட மட்டும் போட்டு மொத்துறது நியாயம் இல்ல. ராமு சார் சொன்ன அந்த மூணு ஓட்டு எங்க போச்சு? ரெண்டாவது ஓட்டெடுப்பு வேணும்னு நின்ன எம்பிங்க கொஞ்சம் இறங்கி வந்திருந்தா கஸ்டம்ஸ் யூனியனாவது மிஞ்சியிருக்கும். எதிர்க்கட்சியா இருந்த லேபரும் கடைசி வரைக்கும் மதில் மேல் பூனைதான். எனக்கு தெரிஞ்சு ஜனங்களுக்கு அலுத்துப் போய்தான் மேக்கு அப்புறம் பிரதமரான ஜான்சனுக்கு 2019 டிசம்பர்ல 80 சீட்டு மெஜாரிட்டி கொடுத்தாங்க, யாரோ ஒருத்தன் முடிச்சு விடுங்கடான்னு.

ரெடிங்_ராமு:

@சும்மா_ஒருத்தன் ஒத்துக்குறேன், அந்த மூணு ஓட்டு விஷயத்துல நம்ம பக்கமும் தப்பு இருக்கு. ஆனா ஜான்சன் முடிச்சு விட்டாரா? அதை பெல்ஃபாஸ்ட்ல இருக்குறவங்கள கேக்கணும்.

பெல்ஃபாஸ்ட்_நர்ஸ்:

கூப்ட்டீங்களா, வந்துட்டேன் 😀 ஊரு நாகர்கோவில், இங்க ஒன்பது வருஷம்.

பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவுல செக்கிங் வைக்கிற ஒப்பந்தத்துல எந்த கன்சர்வேட்டிவ் (அவர் கட்சிதான்) கவர்மென்ட்டும் கையெழுத்து போட முடியாதுன்னு 2018ல டியூபி மாநாட்டுக்கே வந்து பேசுனவர் ஜான்சன். மறு வருஷம் அவரே அப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டார். வியாபாரிங்க கேட்டதுக்கு, எவனாவது ஃபாரம் நிரப்ப சொன்னா குப்பைல போடுங்கன்னு பதில். அப்புறம் ஃபாரம் வந்துச்சு. இங்கிலாந்து கடைல ஆன்லைன்ல குழந்தைக்கு ஒரு சைக்கிள் ஆர்டர் பண்ணா "உங்க ஏரியாவுக்கு டெலிவரி இல்ல"ன்னு வரும், இதுவும் யூகேதானேய்யா.

அதுல கோவிச்சுக்கிட்டு டியூபி 2022 பிப்ரவரில இருந்து ரெண்டு வருஷம் இங்க வட அயர்லாந்து ஆட்சிய நடத்த விடல. சம்பள உயர்வுக்கு கையெழுத்து போட மந்திரியே இல்ல. 2024 ஜனவரி 18 ஸ்ட்ரைக்ல நானும் நின்னேன், ரோடெல்லாம் ஐஸு, உப்பு தூவுற வண்டிக்காரங்களும் ஸ்ட்ரைக்ல. பக்கத்துல நின்ன ரெண்டு நர்ஸ்ல ஒண்ணு யூனியனிஸ்ட் (பிரிட்டனோடயே இருக்கணும்ன்ற) வீடு, இன்னொண்ணு அயர்லாந்தோட சேரணும்ன்ற வீடு. ரெண்டும் ஒரே ஃபிளாஸ்க்ல டீ குடிச்சுக்கிட்டு ஒரே ஆளத்தான் திட்டுச்சு.

ரெடிங்_ராமு:

அருண், உங்க ஊர் கதையவே மறந்துட்டேன். 2019 ஜனவரி 7, டீல் இல்லாம வெளிய போனா டோவர் துறைமுகத்துல லாரி தேங்கும்னு ஒரு ஒத்திகை நடத்துனாங்க. மான்ஸ்டன் பழைய ஏர்போர்ட்ல லாரிய நிறுத்தி டோவர் வரைக்கும் போய்ட்டு வர்றது. டோவருக்கு ஒரு நாளைக்கு வர்றது ஆயிரக்கணக்கான லாரி, இவங்க எதிர்பாத்தது 150, வந்தது 89! லாரிக்கு 550 பவுண்டு வேற. அதே சமயம் ராம்ஸ்கேட்ல இருந்து கப்பல் விட ஒரு கம்பெனிக்கு 1.38 கோடி பவுண்டு கான்ட்ராக்ட் கொடுத்தாங்க, அந்த கம்பெனிகிட்ட கப்பலே கிடையாது. பிப்ரவரில ரத்து பண்ணிட்டாங்க.

ஐரோப்பால இருந்து வர்ற சரக்க செக் பண்ற கதை அதுக்கு மேல. அஞ்சு தடவ தள்ளிப்போட்டு 2024லதான் ஆரம்பிச்சாங்க, உங்க ஊர் செவிங்டன்ல செக்கிங் யார்டு கட்டி, அது டோவர்ல இருந்து 22 மைல். வழில எவனும் கதவ திறக்க மாட்டான்னு நம்பிக்கை போல. 2025 மே மாசம் அப்ப பிரதமரா இருந்த ஸ்டார்மர் ஐரோப்பாவோட பேசி, உணவு சரக்குக்கு பெரும்பாலான செக்கிங்க எடுத்துரலாம்னு ஒத்துக்கிட்டாரு. கட்டுன காச யார்கிட்ட கேக்க?

ஆஷ்ஃபோர்டு_அருண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலா அக்கா, அம்மா கதைய ரெண்டு தடவ படிச்சேன்.

பரோட்டா அண்ணன் சொன்ன மாதிரி இன்னிக்கு லீவ் பெரியவர்கிட்டயே கேட்டேன். அவருக்கு பரோட்டாவும் இல்ல, வெளிநாட்டு ஆளும் இல்ல, லாரி டிரைவர் வேலைல சம்பளம் ஏறும்னு நெனச்சு போட்டாராம். அப்படியே பேச்சுவாக்குல ராமு சார் சொன்ன மான்ஸ்டன் ஒத்திகைய பத்தி கேட்டேன், ஆள் ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் சொல்றாரு அந்த 89 லாரில ஒண்ணு இவர் ஓட்டுனதாம்! விடியக்காலைல போய் நின்னு, டோவருக்கு ரெண்டு ரவுண்டு, இவர் லாரில சரக்கு ஒண்ணுமே இல்லையாம், காலி. 550 பவுண்டு அவர் முதலாளிக்கு போயிருச்சு, இவருக்கு அன்னிக்கு சாதாரண கூலிதான்.

ரிமைன் பெரியவர் பக்கத்துல உக்காந்து சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, இவர்தான் முதுகுல தட்டி விட்டாரு.