மிக்ஸி அடித்தட்டு ஸ்க்ரூ நிற்காமல் போனபோது

அம்மா வீட்டு மிக்ஸியில் அடித்தட்டு ஸ்க்ரூ ஒன்று தளர்ந்துகொண்டே இருந்தது. ஓடும்போது கடகடவென்று சத்தம், இறுக்கினால் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் மறுபடி அதே சத்தம். பக்கத்து ரிப்பேர் கடையில் கொடுத்தோம், ஸ்க்ரூவில் நீல நிறத் திரெட்லாக்கர், அதாவது ஸ்க்ரூ தளராமல் பிடித்துக்கொள்ளும் திரவ மருந்து, போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை நான் கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூணில் மேலிருந்து கீழே மெல்லிய விரிசல், மருந்தும் பாதி ஈரமாகவே இருக்கிறது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மருந்து உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே, காற்றுப் படாத இடத்தில்தான் இறுகும். பிளாஸ்டிக் மரையில், அதாவது ஸ்க்ரூவின் புரி பதியும் தடத்தில், சரியாக இறுகாது. அதைவிட மோசம், ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடத்தில் அது ஊறினால் விரிசல் விட்டுவிடும். வீட்டுச் சாமான்களின் மேல்கூடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். தான். நெயில் பாலிஷ் தடவலாம் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில், அதில் இருக்கும் கரைப்பான் ஏ.பி.எஸ்.ஸை இளக்கிவிடும்.

நான் செய்தது இதுதான். தூணின் வெளிப்பக்கம் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி அதன்மேல் இரண்டு டியூபாக வரும் அரால்டைட் பசையைக் கலந்து பூசினேன், ஓட்டைக்குள்ளும் அதையே நிரப்பி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவைக் கையாலேயே மெதுவாக இறக்கினேன். தலைக்கு அடியில் ஒரு தட்டை வாஷர். இன்றுவரை அசையவில்லை.

தூண் உடையாமல் மரை மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் பக்கம், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று கீழே இறங்கும், அதுதான் பழைய மரை தொடங்கும் இடம், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அதே தடத்தில் போகும். இதைப் பார்க்காமல் பேட்டரி டிரில்லால் ஒரே மூச்சில் இறக்கினால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டிக்கொண்டு கடைசியில் ஓட்டை வழவழவென்று ஆகிவிடும். ஸ்க்ரூத் தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், பிளாஸ்டிக் அழுத்தத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும், அதனால் முரட்டுத்தனமாக இறுக்கியது நாளடைவில் தானே தளரும்.

டேபிள் ஃபேனில் இறக்கையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குமிழ் வேறு கதை. பெரும்பாலான ஃபேன்களில் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வழக்கமான பக்கமே முழு பலத்தோடு திருப்ப, குமிழ் இரண்டாகப் பிளந்தது. குமிழ் மேலேயே பெரும்பாலும் அம்புக்குறி போட்டிருக்கும், கைவைக்கும் முன் அதைப் பாருங்கள்.