டிரிங்கோமலி பிரிகேட் மாடல்: அணியத்தில் பள்ளம் விழுகிறது, அகலமும் ஒத்துவரவில்லை. உதவி தேவை

பாய்மரப்பித்தன்

வணக்கம். எச்.எம்.எஸ். டிரிங்கோமலியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817 அக்டோபரில் கடலில் இறக்கிய பிரிகேட், அதாவது பாய்மரப் போர்க்கப்பல். இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. அது சேர்ந்த லீடா வகுப்புக்கான (ஒரே வடிவில் கட்டிய பிரிகேட்டுகள்) பழைய வரைபடத்தின் ஸ்கேன்தான் என் ஆதாரம். 1:48 அளவு. பக்கவாட்டுப் படம், குறுக்குவெட்டுப் படம், பாதி அகலப் படம் (மேலிருந்து பார்த்த பாதி உடல்) மூன்றும் ஒரே தாளில்.

ஒவ்வொரு ஸ்டேஷன் கோட்டிலும் (குறுக்குவெட்டு எடுத்த இடத்தைக் காட்டும் கோடு) குறுக்குவெட்டை வெர்டெக்ஸ் வெர்டெக்ஸாக, அதாவது புள்ளி புள்ளியாக வரைந்து, வரிசைகளை இணைத்து, மேலே பரப்பை வழவழப்பாக்கும் சப்டிவிஷன் போட்டிருக்கிறேன். நடுக்கப்பல் அருமையாக வருகிறது. சிக்கல்கள் இவை:

முதலாவது, அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், கடைசி நாலைந்து ஸ்டேஷன்களுக்கிடையே மேடும் பள்ளமும். சாதாரண ஷேடிங்கில் தெரியவில்லை, பளபளப்பான மேட்கேப் (வளைவைச் சோதிக்கும் ஒளித்தோற்றம்) போட்டால் தகரத்தை நசுக்கியதுபோல் இருக்கிறது. கையால் ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிறது.

அடுத்து, நடுக்கப்பலின் பாதி அகலம் குறுக்குவெட்டுப் படத்தில் ஒன்று, பாதி அகலப் படத்தில் வேறொன்று. ஒன்றேகால் அங்குலம் போல வித்தியாசம். எதை நம்புவது?

பீரங்கித் துவாரங்களை பூலியனில் (ஓர் உருவத்தால் இன்னொன்றை வெட்டும் கருவி) வெட்டினால் சுற்றிலும் கறுப்புக் கறுப்பாக ஷேடிங் உடைகிறது. பின்பக்கமும் இன்றைய புகைப்படங்களோடு பொருந்தவே இல்லை.

---

தச்சுக்கணக்கு

அகலத்தை முதலில் பார்ப்போம். அது தீராமல் மற்றது எதுவும் தீராது.

40 அடி அகலக் கப்பலில் பாதி 240 அங்குலம். நீங்கள் சொல்லும் ஒன்றேகால் அங்குலம் சுமார் அரை சதவீதம். வரைந்தவர் தப்பு செய்யவில்லை, காகிதம் சுருங்கியிருக்கிறது. இருநூறு வருடத்துத் தாள் நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் சுருங்கும்.

இப்போது தாளைக் கவனியுங்கள். குறுக்குவெட்டுப் படத்தில் கப்பலின் அகலம் தாளில் கிடைமட்டமாக ஓடுகிறது. பாதி அகலப் படத்தில் அதே அகலம் செங்குத்தாக ஓடுகிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் தாளின் இரண்டு திசைச் சுருக்கத்துக்கும் உள்ள விகிதம். பிழை என்று நினைத்ததே உங்கள் அளவுகோல்.

கிடைமட்டத்தைக் கப்பலின் நீளத்தால் சரிசெய்யுங்கள். லீடா வகுப்புக்குப் பீரங்கித் தள நீளம் சுமார் 150 அடி. பிறகு அந்த விகிதத்தை வைத்துச் செங்குத்தை மாற்றுங்கள். பிளெண்டரில் படத்தை எக்ஸ், ஒய் தனித்தனியாக ஸ்கேல் செய்யலாம். பக்கவாட்டுப் படத்தின் உயரங்களுக்கும் இதே செங்குத்துத் திருத்தம்தான்.

அதற்குமேல் துல்லியம் தேட வேண்டாம். தாளில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு கப்பலில் 24 மில்லிமீட்டர்.

---

பாய்மரப்பித்தன்

ஐயா, நன்றி. 40 அடி அகலம் எல்லோரும் சொல்லும் எண்தானே, செங்குத்தையும் அதைக் கொண்டே நேராகச் சரிசெய்துவிடலாமே? விகிதம் எதற்கு?

---

தச்சுக்கணக்கு

கூடாது. ஆவணங்களில் வரும் அந்த அகலம் வெளிப்பலகையின் தடிமனையும் சேர்த்தது. வரைபடக் கோடோ கப்பலின் விலா எலும்பு போன்ற வங்குச் சட்டங்களின் வெளி விளிம்பு. பலகை அதற்கு மேல்தான் அறையப்படுகிறது. 40 அடியைக் கோட்டின்மேல் பொருத்தினால் உங்கள் கப்பல் பலகைத் தடிமன் அளவுக்கு இருபக்கமும் பருத்துவிடும்.

நீளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பீரங்கித் தள நீளம் அளக்கப்படுவது முன்கட்டையில் பலகை வந்து இறங்கும் காடியிலிருந்து பின்கட்டைக் காடி வரை. இரண்டும் பக்கவாட்டுப் படத்தில் கோடாகவே இருக்கின்றன. காடியிலிருந்து காடிக்கு அளந்தீர்களா, முன்கட்டையின் மூக்கிலிருந்தா? அங்கேயே சில அடி போய்விடும்.

---

மெஷ்காரி

அணியத்துக்கு நான் வருகிறேன்.

குறுக்குவெட்டை மட்டும் வைத்து அணியத்தைக் கட்டினால் பள்ளம் விழத்தான் செய்யும், எவ்வளவு கவனமாக வரைந்தாலும். நடுக்கப்பலில் பக்கச்சுவர் நீளத்துக்கு இணையாக ஓடுகிறது. குறுக்குவெட்டை ஓர் அங்குலம் முன்னே தள்ளினாலும் அகலம் மாறாது. அணியத்தில் சுவர் வளைந்து நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. அங்கே ஓர் அங்குலம் நகர்ந்தால் அகலமும் ஓர் அங்குலம், சில இடங்களில் அதற்கு மேலும் மாறும். அதாவது ஸ்டேஷன் கோட்டைப் படிப்பதில் வரும் சின்னப் பிசகு அங்கே பெரிதாகி நிற்கிறது. அங்கே உடலைக் கிடைமட்டமாக வெட்டும் நீர்மட்டக் கோடுகள்தான் நம்பகமானவை. பாதி அகலப் படத்திலிருந்து அவற்றை பெசியர் வளைவாக வரையுங்கள், ஒரு வளைவுக்கு நாலைந்து கைப்பிடிக்கு (வளைவை இழுக்கும் புள்ளி) மேல் வேண்டாம். பிறகு குறுக்குவெட்டை அதற்கு இசைத்து நகர்த்துங்கள். மூலைவிட்டக் கோடுகள் தாளில் இருந்தால் இன்னும் நல்லது, அவை வளைந்த உடலைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டுவதால் பள்ளத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். முன்முனையில் வெர்டெக்ஸ்கள் எங்கே முடிகின்றன? நடுக்கோட்டில் பூஜ்யத்திலா?

---

பாய்மரப்பித்தன்

ஆமாம், ஒரு பாதியை மறுபக்கம் பிரதிபலிக்கும் மிரர் மாடிஃபையர் இருப்பதால் எல்லாம் பூஜ்யத்தில் கிளிப் ஆகி ஒட்டியிருக்கிறது.

---

மெஷ்காரி

பாதிச் சிக்கல் அதுதான். முன்கட்டைக்கென்று ஒரு தடிமன் உண்டு. பலகைகள் அதன் பக்கத்தில் உள்ள காடியில் முடிகின்றன, நடுக்கோட்டில் இல்லை. உடலின் கடைசி வரிசை காடிக் கோட்டில், முன்கட்டையின் பாதித் தடிமன் தூரத்தில் நிற்க வேண்டும். நீங்கள் பூஜ்யம் வரை இழுத்ததால் கடைசிப் பகுதி கிள்ளப்பட்டு, அந்த இழுப்பு பின்னால் உள்ள வரிசைகளில் பள்ளமாகத் தெரிகிறது. கிளிப்பிங்கை எடுத்துவிட்டு முன்கட்டையையும் எராவையும் (கப்பலின் அடிக்கட்டை) தனி ஆப்ஜெக்டாகச் செய்யுங்கள். நிஜக் கப்பலிலும் அவை தனிக் கட்டைகள்தான்.

வரிசைகளையும் குறையுங்கள். தாளில் இருக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வரிசை வேண்டியதில்லை. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

---

கோணல்மாணல்

மெஷ்காரி சொல்வதில் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். வரிசையைக் குறைத்துவிட்டு சப்டிவிஷன் போட்டால் பரப்பு வெர்டெக்ஸ்களைத் தொடாமல் உள்ளே ஒடுங்கும். நெருக்கமான மெஷ்ஷில் (வெர்டெக்ஸ் வலையில்) தெரியாது, குறைந்த வரிசையில் வயிற்றுப்பக்கம் அங்குலக் கணக்கில் மெலியும். அகலத்துக்காக இவ்வளவு கணக்குப் போட்டுவிட்டு அதை மாடிஃபையரிடம் கோட்டைவிடக் கூடாது.

---

மெஷ்காரி

உண்மை. அதனால் வெர்டெக்ஸைக் கோட்டின்மேல் வைக்காதீர்கள், சப்டிவிஷனுக்குப் பிறகு கிடைக்கும் பரப்பைக் கோட்டோடு ஒப்பிட்டு வெர்டெக்ஸைச் சற்று வெளியே தள்ளுங்கள். எடிட் மோடில் மாடிஃபையர் விளைவைக் காட்டும் பொத்தானைப் போட்டுக்கொண்டால் கண்ணாலேயே செய்யலாம். பலகைத் தடிமனுக்கு, பரப்புக்குக் கனம் சேர்க்கும் சாலிடிஃபை மாடிஃபையர், வெளிப்பக்கமாக மட்டும்.

துவாரங்களுக்கு: வெட்டாத உடலின் நகல் ஒன்றை மறைத்து வையுங்கள். வெட்டிய உடலுக்கு டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர் போட்டு அந்த நகலிலிருந்து நார்மல்களை (பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற தகவல்) எடுக்கச் சொல்லுங்கள், துவாரத்தின் உட்சுவர்களை மட்டும் வெர்டெக்ஸ் குரூப்பால் விலக்கிவிட்டு. கறுப்பு போய்விடும்.

---

தச்சுக்கணக்கு

துவாரம் பற்றி ஒன்று. கீழ்விளிம்பு தளத்தின் வளைவோடு போகும், பக்க விளிம்புகள் எராவுக்குச் செங்குத்து. பலர் முழுச் சதுரத்தையும் தள வளைவுக்கேற்பச் சாய்த்துவிடுகிறார்கள். அப்போது முன்னும் பின்னும் துவாரங்கள் தள்ளாடுவதுபோல் இருக்கும்.

பின்பக்கத்துக்கு வருகிறேன். அது பொருந்தாது, பொருந்தவும் கூடாது. 1845-ல் இந்தக் கப்பலின் பீரங்கிகளைக் குறைத்து, பின்பக்கத்தை மாற்றியமைத்து, கார்வெட் என்ற சிறிய வகைப் போர்க்கப்பல் ஆக்கினார்கள். உங்கள் வரைபடம் அதற்கு முந்தையது, புகைப்படம் அதற்குப் பிந்தையது. எந்த வருடக் கப்பலைச் செய்கிறீர்கள் என்று முடிவெடுங்கள். 1817 என்றால் பின்பக்கத்துக்குப் புகைப்படத்தைத் தொடாதீர்கள்.

இதன் வரைபடமே ஒரு கதை. பம்பாய்க்கு அனுப்பிய முதல் பிரதி ஜாவா என்ற பிரிகேட்டில் போனது. 1812 டிசம்பரில் பிரேசில் கரையோரம் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் ஜாவாவைத் தோற்கடித்தது, வரைபடமும் அதோடு போயிற்று. மறுபடி பிரதி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அதனால்தான் வேலை தொடங்க அவ்வளவு தாமதம். ஜாவாவும் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல், லீடா வகுப்பின் வடிவமும் 1782-ல் பிடிபட்ட ஏபே என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து எடுத்தது. பிரிட்டிஷ்காரன் பெருமையடித்த கப்பலில் பாதி பிரெஞ்சுக்காரன் மூளை, மீதி பம்பாய்த் தச்சன் கை.

---

பாய்மரப்பித்தன்

விகிதத்தைப் போட்டேன், மூன்று படமும் இப்போது ஒன்றன்மேல் ஒன்று உட்கார்கின்றன. காடியில் நிறுத்தியதும் முன்பக்கப் பள்ளம் பெரும்பாலும் போய்விட்டது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு லேசான அலை மட்டும் மீதி, அதை மூலைவிட்டக் கோட்டால் பிடிக்கப் பார்க்கிறேன். 1817-தான் செய்யப்போகிறேன்.

அடுத்து கயிறுகள். பழைய அட்டவணையில் பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுடுக்கு அங்குலக் கணக்கில் தடிமன் இருக்கிறது. அதை அப்படியே கர்வ் பெவலில் (கோட்டுக்குத் தடிமன் கொடுக்கும் வசதி) போட்டால் கப்பல் முழுக்கக் குழாய் மாட்டியதுபோல் தெரிகிறது. அட்டவணை தப்பா?

---

கோணல்மாணல்

அட்டவணை சரி. அந்தக் காலத்தில் கயிறை அளந்தது சுற்றளவில். 9 அங்குலக் கயிறு என்றால் விட்டம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு, 3.14-ஆல் வகுக்க வேண்டும். பிளெண்டரில் பெவல் டெப்த் என்பது ஆரம் என்பதால் அதையும் பாதியாக்குங்கள். நீங்கள் போட்டது ஆறு மடங்குக்கு மேல்.

ஷ்ரவுடுகளின் குறுக்கே கட்டும் ஏணிக்கயிறுகளுக்கு இடைவெளி சுமார் 13 முதல் 15 அங்குலம், ஒன்றையே வரிசையாக நகலெடுக்கும் அர்ரே மாடிஃபையரில் முடிந்துவிடும். முடிச்சுகளை ஜியோமெட்ரியாகச் செய்யாதீர்கள், கேமரா கிட்டத்தில் போகும் இரண்டு மூன்று இடங்கள் தவிர. மீதிக்கு மேடுபள்ளம் இருப்பதுபோல் தோன்றவைக்கும் நார்மல் மேப் படமே போதும்.