மழை பெய்தால் தரைத்தள பாத்ரூமில் சாக்கடை ஏறுகிறது: வால்வா, பம்ப்பா?

இடம் வேளச்சேரி பக்கம். தரைத்தளம் + 2 மாடி, 6 வீடுகள். ஆகஸ்டில் செப்டிக் டேங்கை மூடிவிட்டுத் தெருப் பாதாள சாக்கடையில் இணைத்தோம். கடைசி சேம்பரிலிருந்து மேன்ஹோல் வரை 160 மி.மீ. பிவிசி, 14 மீட்டர் நீளம், 14 செ.மீ. வாட்டம். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் மழையிலிருந்து 4 தடவை தரைத்தள பாத்ரூம் நஹானி ட்ராப் (தரையில் தண்ணீர் போகும் வாய்) வழியாக மலக்கழிவு மேலே வந்துவிட்டது. அங்கே வயதானவர்கள் இருக்கிறார்கள்.

லைனில் ராடு விட்டுப் பார்த்தாச்சு, அடைப்பு இல்லை. மொட்டை மாடி மழைநீர்க் குழாய் ஒன்று சேம்பரில் விழுந்துகொண்டிருந்தது. அது விதிப்படியே கூடாது, பிரித்துவிட்டோம். ஏறும் வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

டியூப் வைத்து மட்டம் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பாத்ரூம் தரை இப்போது ரோட்டுக்கு 25 செ.மீ. கீழே. மழையில் மேன்ஹோல் தண்ணீர் ரோட்டுக்கு 10 செ.மீ. கீழ் வரை நிற்கிறது. வாட்டத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விடும், தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும்) போடச் சொல்கிறார்கள். ஆனால் அது மூடியிருக்கும்போது மாடி வீடுகளின் கழிவும் வெளியேறாமல் அதே தரைத்தளத்தில்தான் ஏறும். சேம்பர் வாயைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தோம், 20 நிமிடத்தில் அப்படியே ஆனது.

மாடி லைனை நேராகத் தெருவுக்கு விட்டு, தரைத்தளத்தை மட்டும் பிரித்துத் தனி வால்வு போட்டால் போதுமா, அல்லது தரைத்தளத்துக்குத் தொட்டியும் கழிவுநீர் பம்ப்பும் வைத்தே ஆக வேண்டுமா?